சூரியத் தகடு கடைசியாக வந்த வீடு

இந்த வீட்டுக்குக் குடிவருவதற்கு முன், திருச்சியில் ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் ஒன்பது ஆண்டுகள் வாடகைக்கு இருந்தோம். அந்த வீட்டைப் பற்றி என் நினைவில் அழுத்தமாக நிற்பவை அதன் கோடைக்கால இரவுகள்தாம். சித்திரையிலும் வைகாசியிலும் பகல் முழுவதும் வெயிலை வாங்கிச் சேர்த்துவைத்த காங்கிரீட் தளம், தெருவில் காற்று குளிர்ந்துவிட்ட பின்னரும், இரவு பதினொரு மணி வரை அந்தச் சூட்டை எங்கள் தலைமேல் இறக்கிக்கொண்டே இருக்கும். மின்விசிறி சுழன்றால் கூரையடியில் கிடக்கும் வெந்த காற்றுதான் கீழே வரும். மாமியார் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். முழங்கால் வலியால் படியேற முடியாத மாமனார் கட்டிலிலேயே புரண்டுகொண்டிருப்பார். பிள்ளைகள் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைத்துவிட்டு அந்த ஈரத்தின் மேலேயே படுப்பார்கள். ஏசியைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் அறை குளிரும். ஆனால் நிறுத்திய கால் மணி நேரத்தில் தளமும் சுவரும் மறுபடியும் தங்கள் வேலையைத் தொடங்கிவிடும்.

ஊருக்கு வெளியே ஐந்து சென்ட் மனை வாங்கி, சொந்த வீடு கட்டுவது என்று முடிவானபோது, அது சுற்றுச்சூழலுக்கு இசைந்த வீடாக இருக்க வேண்டும் என்று நானும் கணவரும் பேசிவைத்திருந்தோம். அப்போது எங்களுக்கு அதைப் பற்றித் தெரிந்திருந்ததெல்லாம் மாடியில் சோலார் பேனல் போடுவது என்ற ஒன்றுதான். கேட்டவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் படித்தும், கட்டிய வீடுகளைப் போய்ப் பார்த்தும், கொத்தனார்களோடு பேசியும், தவறு செய்தும் நான் புரிந்துகொண்டது வேறு. ஒரு குடும்ப வீடு எவ்வளவு மின்சாரம் கேட்கும், எவ்வளவு தண்ணீர் கேட்கும் என்பதில் பெரும்பகுதி, கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே, தாளில் போடும் கோடுகளில் தீர்மானமாகிவிடுகிறது. வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கூரையில் விழும் மழை எங்கே போகிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிய பிறகு வாங்க வேண்டிய பொருள் சூரியத் தகடு. எங்கள் வீட்டில் அது கடைசியாகத்தான் வந்தது. இந்தப் பதிவில் அந்த வரிசையை அப்படியே எழுதிவைக்க விரும்புகிறேன். வீடு கட்டப் போகிறவர்கள் சிலருக்காவது அது பயன்படக்கூடும்.

எங்கள் மனை கிழக்கே சாலையைப் பார்த்தது. 36 அடி அகலம், 60 அடி நீளம். நீளம் கிழக்கு மேற்காக அமைந்தது எங்களுக்கு வாய்த்த நன்மை. வடக்கிலும் தெற்கிலும் நீளமான சுவர்கள், கிழக்கிலும் மேற்கிலும் குறுகிய சுவர்கள் என்று வீடு அமைந்தால், காலையிலும் மாலையிலும் தாழ்வாகச் சாய்ந்து வரும் வெயில் படும் சுவர்ப்பரப்பு குறைந்துவிடும். உச்சிவெயிலைச் சன்ஷேடு தடுத்துவிடும்; சாய்வெயிலைத் தடுக்கச் சன்ஷேட்டால் முடியாது. சுவருக்கு மேலே நீட்டியிருக்கும் இரண்டடிப் பலகைக்குக் கீழே புகுந்து மாலை நான்கு மணி வெயில் நேராக அறைக்குள் வந்துவிடும். அதனால்தான் நம் ஊரில் மேற்குச் சுவர் இவ்வளவு பாடுபடுத்துகிறது.

வடக்குச் சுவரைப் பற்றி ஒரு செய்தியைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். வடக்குப் பக்கத்தில் வெயிலே படாது, அங்கே எவ்வளவு பெரிய ஜன்னலும் வைக்கலாம் என்று நாங்கள் படித்த பல கட்டுரைகளில் இருந்தது. அது நமக்கு வடக்கே வெகுதூரத்தில் உள்ள ஊர்களுக்குப் பொருந்தும். திருச்சி ஏறக்குறைய 10.8 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நம் உச்சிக்கு நேராக வந்து, அதன்பின் வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் நான்காம் வாரத்தில்தான் மறுபடியும் உச்சிக்கு வந்து தெற்கே இறங்குகிறது. இடைப்பட்ட நான்கு மாதங்களும் நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆக, கோடையின் கடுமையான பகுதியில் வெயில் வாங்குவது வடக்குச் சுவர். குளிர்ந்த மார்கழியில் வெயில் வாங்குவது தெற்குச் சுவர். இதை ஒரு பொறியியல் மாணவி எங்களுக்குத் தாளில் வரைந்து காட்டியபோதுதான் வடக்கு ஜன்னல்களுக்கும் தெற்கு ஜன்னல்களைப் போலவே சன்ஷேடு வைக்க முடிவு செய்தோம்.

காற்றின் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் பகுதியில் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுகிறது. அம்மியையும் பறக்கவைக்கும் என்று சொல்லப்படும் காற்று அது. எந்தப் பக்கத்து வெயில் வேண்டாமோ, அந்தப் பக்கத்துக் காற்றுதான் வேண்டும். மேற்கை முழுவதும் மூடினால் காற்று போய்விடும். திறந்தால் வெயில் வந்துவிடும். நாங்கள் கண்ட வழி, மேற்கு ஓரத்தில் படிக்கட்டையும் குளியலறையையும் சாமான் அறையையும் வைத்து, வாழும் அறைகளுக்கும் மேற்குச் சுவருக்கும் இடையே ஓர் இடைவெளியை உண்டாக்குவது. படிக்கட்டின் மேற்குச் சுவரை மட்டும், செங்கற்களுக்கிடையே துளை விட்டுக் கட்டும் ஜாலிச் சுவராக எழுப்பினோம். வெயில் அந்தத் துளைகளின் ஆழத்தில் பட்டு நின்றுவிடுகிறது. காற்று நுழைந்து கூடத்தின் வழியே கிழக்கு வாசலுக்குப் போகிறது. படிக்கட்டின் உச்சியில், தளத்துக்குக் கீழே, சூடான காற்று வெளியேறச் சிறு சாளரங்கள் இருக்கின்றன. ஆடி மாதத்தில் கூடத்தில் மின்விசிறி பெரும்பாலும் சுழல்வதில்லை.

இனி கூரை. வீட்டுக்குள் வெப்பம் வரும் வழிகளில் நம் ஊரில் முதலிடம் கூரைக்குத்தான். சுவர்கள் முறைவைத்து வெயில் வாங்குகின்றன. மொட்டை மாடி காலை முதல் மாலை வரை ஓய்வின்றி வாங்குகிறது. எங்கள் பாட்டி வீட்டில் இருந்த மெட்ராஸ் டெரஸ் தளத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களை நெருக்கமாகச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு என்னும் தட்டையான சுட்ட ஓடுகளைப் பதிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே தட்டுவார்கள். அவ்வளவு தடிமனான தளம் சூட்டைக் கீழே விட நெடுநேரம் எடுத்துக்கொண்டது. அந்தத் தேக்கும் அந்த ஆட்களும் இன்று நமக்குக் கட்டுப்படியாகும் அளவில் கிடைப்பதில்லை. ஆனால் அந்தத் தளத்தின் மேற்பகுதியை, அதாவது சுண்ணாம்பு ஜல்லியையும் தட்டோட்டையும், எந்தக் காங்கிரீட் தளத்தின் மேலும் போடலாம். நாங்கள் போட்டோம். அதன்மேல் ஆண்டுதோறும் பங்குனித் தொடக்கத்தில் வெள்ளைச் சுண்ணாம்பை இரண்டு கை அடிக்கிறோம். வெள்ளைப் பரப்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இந்த வீட்டில் நாங்கள் செய்த வேலைகளில், செலவோடு ஒப்பிட்டால், மிக அதிகப் பயன் தருவது இந்தச் சுண்ணாம்பு அடிப்புதான். வாடகை வீட்டில் இருப்பவர்கள்கூட வீட்டுக்காரரிடம் கேட்டு இதைச் செய்துகொள்ளலாம். நாங்கள் அந்த ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூடச் செய்யாமல் விட்டதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

காங்கிரீட் தளத்தையே கொஞ்சம் குறைத்துப் போட முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் லாரி பேக்கரின் பணிகள் எங்களுக்கு அறிமுகமாயின. 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, 1945-இல் இந்தியாவுக்கு வந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கேயே கழித்து, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்த அந்தக் கட்டடக் கலைஞர், எளிய குடும்பங்களுக்கு அவர்கள் ஊரில் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்டிக்கொடுப்பதைத் தம் தொழிலாக வைத்திருந்தார். திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் அவர் வடிவமைத்த வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தை நாங்கள் நேரில் போய்ப் பார்த்தோம். பூசாத செங்கல் சுவர்களும், வளைந்து செல்லும் ஜாலிகளும், மரங்களை வெட்டாமல் அவற்றைச் சுற்றி ஒதுங்கி எழுந்த கட்டடங்களுமாக இருந்த அந்த வளாகத்தில், நண்பகலில் நின்றபோது கிடைத்த நிழலின் தன்மை இன்றும் என் உடம்பில் இருக்கிறது.

அவர் பரப்பிய முறைகளில் இரண்டை எங்கள் வீட்டில் பயன்படுத்தினோம். ஒன்று ஃபில்லர் ஸ்லாப். சாதாரணத் தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குபவை கம்பிகள்தாம். கம்பிகளுக்கு இடையே இருக்கும் காங்கிரீட்டுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. அந்த இடங்களில் காங்கிரீட்டுக்குப் பதிலாக இரண்டு மங்களூர் ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, மேலே காங்கிரீட் ஊற்றுகிறார்கள். சிமெண்ட் மிச்சம், எடை குறைவு, ஓடுகளுக்கிடையே சிக்கிய காற்று வெப்பத்தையும் ஓரளவு தடுக்கிறது. கீழிருந்து பார்த்தால் கூரையில் ஓடுகள் கட்டம் கட்டமாகத் தெரியும். மாமனார் கட்டிலில் படுத்துக்கொண்டு அவற்றை எண்ணுவார்.

இன்னொன்று எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவதால், ஒன்பது அங்குலச் சுவருக்குள் மூன்று அங்குல வெற்றிடம் உண்டாகிறது. செங்கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது. நடுவில் இருக்கும் காற்று வெளிச்சூட்டை எளிதில் உள்ளே கடத்த விடுவதில்லை. ஆனால் இதைக் கட்டத் தெரிந்த கை வேண்டும். எங்கள் மேல்தள அறையின் சுவரை எழுப்பிய கொத்தனார், “உள்ளே காலியாக விட்டால் சுவர் நிற்காது அக்கா” என்று சொல்லி, நாங்கள் இல்லாத ஒரு நாளில் இரண்டு வரிசைகளின் வெற்றிடத்தைக் கலவையால் நிரப்பிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சுவர் உறுதியாக நிற்க வேண்டும் என்ற அக்கறையில்தான் அவர் அதைச் செய்தார். முறையை முன்கூட்டியே ஒரு சிறு மாதிரிச் சுவர் கட்டிக் காட்டாமல் வேலையைத் தொடங்கியது எங்கள் பிழை. மின்கம்பிக் குழாய்களும் ஸ்விட்ச் பெட்டிகளும் எங்கே வரும் என்பதையும் சுவர் எழும்போதே முடிவு செய்துவிட வேண்டும். பிறகு சுவரை வெட்டினால் இந்தக் கட்டு கெட்டுவிடும்.

கீழ்த்தளச் சுவர்கள் மண் கல்லால் ஆனவை. கடைக்கால் தோண்டியபோது வந்த செம்மண்ணை வெளியே அள்ளிக் கொட்டாமல், மணல் கலந்து, சிறிதளவு சிமெண்ட் சேர்த்து, கையால் இயக்கும் இயந்திரத்தில் அழுத்தி எடுத்த கற்கள். புதுச்சேரிக்கு அருகில் ஆரோவில்லில் 1989-இல் தொடங்கப்பட்ட மண் கட்டடக்கலை நிறுவனம் இந்தத் தொழில்நுட்பத்தைப் பல்லாண்டுகளாக வளர்த்தும் கற்பித்தும் வருகிறது. அங்கே இருக்கும் பார்வையாளர் மையக் கட்டடம் இவ்வகைக் கல்லால் எழுப்பப்பட்டது. மண் வீடு மழையில் கரையாதா என்று கேட்ட மாமியாரை அங்கே அழைத்துச் சென்று காட்டிய பிறகு அவர் மறுபடியும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எல்லா மண்ணும் இதற்கு ஆகாது. ஒரு கண்ணாடிப் புட்டியில் மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வைத்தால், பருமணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களிமண் மேலேயுமாகப் படியும். மணல் ஏறத்தாழப் பாதியும், களி ஐந்தில் ஒரு பங்கும் இருந்தால் நல்லது. கரிசல் மண்ணில் களி மிகுதி. அது காயும்போது வெடிக்கும், அதற்குச் சிமெண்டைவிடச் சுண்ணாம்பே பொருந்தும். மண்ணில் ஐந்து விழுக்காடு அளவுக்கு மட்டுமே சிமெண்ட் போதும். கற்களைச் சூளையில் சுட வேண்டியதில்லை. நிழலில் அடுக்கி நான்கு வாரங்கள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்த நான்கு வாரங்களும் தண்ணீர் தெளித்த பொறுப்பு என் மகளுடையது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று உறவினர்கள் கேட்டார்கள். சிமெண்ட் செய்வதற்குச் சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எரிக்கிறார்கள். எரிபொருள் விடும் புகை ஒருபுறம் இருக்க, அந்தக் கல்லுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறுகிறது. உலகம் முழுவதும் மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏழெட்டு விழுக்காடு சிமெண்ட் தொழிலிலிருந்து வருவதாகக் கணக்கிடுகிறார்கள். எங்களுக்கு இது எங்கோ நடக்கும் செய்தி அன்று; பக்கத்து அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் பள்ளங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆற்று மணலைப் பற்றிக் கொள்ளிடக் கரையில் வாழ்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு குடும்பம் ஒரு வீடு கட்டுகிறது என்றால் ஏதோ ஒரு மலையும் ஏதோ ஓர் ஆறும் அதற்காகக் குறைகின்றன என்பதை அறிந்துகொண்டே கட்ட வேண்டும் என்று நினைத்தேன். அதனாலேயே ஆறு பேர் கொண்ட எங்கள் குடும்பத்துக்கு 1,350 சதுர அடிக்குள் வீட்டை நிறுத்திக்கொண்டோம். விருந்தினருக்கென்று தனி அறை இல்லை; கூடத்தில் அகலமான திண்ணை போன்ற ஒரு மேடை இருக்கிறது, வருகிறவர்கள் அதில் படுத்துக்கொள்கிறார்கள். கட்டாத அறையைவிடச் சுற்றுச்சூழலுக்கு இசைந்த அறை இருக்க முடியாது.

நிலையும் கதவுகளும் காரைக்குடியில் பழைய மரச்சாமான் விற்கும் கடைகளில் வாங்கியவை. நூறாண்டு கண்ட பர்மா தேக்கு. இழைத்து எண்ணெய் பூசியதும் புதியதாகிவிட்டது. புதிதாக ஒரு மரம் வெட்டப்படவில்லை என்ற மனநிறைவு இருந்தாலும், முற்றமும் வளவுமாக, வெயிலையும் மழையையும் அவ்வளவு நுட்பமாகக் கையாண்ட செட்டிநாட்டு வீடு ஒன்று எங்கோ இடிபட்டதால்தான் அந்தக் கதவு எங்களிடம் வந்தது என்ற துயரமும் கூடவே இருக்கிறது.

தண்ணீரைப் பற்றிய கணக்கு எளிமையானது, ஆனால் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடிக் கூரை என்பது 93 சதுர மீட்டர். ஆண்டில் 800 மில்லிமீட்டர் பெய்தால் அந்தக் கூரைமேல் விழுவது 74,400 லிட்டர். வீணாவது போக, ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வந்தாலும் ஏறத்தாழ 59,500 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தால், ஆறு பேருக்கு ஓராண்டுக்கு வேண்டியது 10,950 லிட்டர்தான். ஆகவே வாசலுக்குக் கீழே 12,000 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றைக் கட்டினோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நிரம்பிவிட்டால் அடுத்த மழைக்காலம் வரை குடிநீருக்குக் கேன் வாங்க வேண்டியதில்லை. மிகுதி நீர் வீட்டின் வடகிழக்கில் உள்ள உறைகிணற்றில் இறங்கி மண்ணுக்குள் போகிறது.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நாட்டுக்கே முன்மாதிரியான சட்டம் அது. ஆனால் எத்தனையோ வீடுகளில் குழாய் இறங்கும் குழி குப்பையால் அடைபட்டுக் கிடப்பதை நாம் எல்லாரும் பார்க்கிறோம். கட்டிவைப்பதோடு முடியும் வேலை அன்று இது. புரட்டாசி முடிவதற்குள் மொட்டை மாடியைப் பெருக்கிக் கழுவ வேண்டும். மணலும் ஜல்லியும் கரியும் போட்ட வடிகட்டியை எடுத்து அலசிக் காயவைத்து மறுபடி போட வேண்டும். முதல் இரண்டு மழைகளின் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே திருப்பிவிடும் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசைக்கு ஒட்டடை அடிக்கும் வேலையோடு இதையும் சேர்த்துவிட்டோம். வழக்கத்தோடு சேர்ந்துவிட்ட வேலை மறந்துபோவதில்லை.

குளித்த நீரும் துணி துவைத்த நீரும் கொல்லைப்புறத்தில் ஜல்லியும் மணலும் நிரப்பிய ஒரு நீண்ட தொட்டிக்குள் போகின்றன. அதில் கல்வாழை அடர்ந்து நிற்கிறது. அதன் வேர்களின் வழியே மெதுவாக நகர்ந்து மறுமுனையில் வெளிவரும் நீர் வாழைக்கும் தென்னைக்கும் பாய்கிறது. பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெய் இருப்பதால், அது முதலில் ஒரு சிறு பொறித்தொட்டியில் தங்கி, எண்ணெய்ப் படலம் பிரிந்த பிறகே இதில் சேர வேண்டும். முதல் ஆறு மாதம் இதைச் செய்யாமல் விட்டதால் ஜல்லி அடைத்துக்கொண்டு நாற்றம் எடுத்தது. முழுவதையும் அள்ளிக் கழுவிப் போட வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் பிறகு மின்சாரத்தைப் பற்றி யோசித்தோம். சாதாரண மின்விசிறி 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி என்னும் மின்சிக்கன மோட்டார் கொண்ட மின்விசிறி ஏறக்குறைய 30 வாட்டில் அதே காற்றைத் தரும். ஐந்து விசிறிகள் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழன்றால் நாளொன்றுக்கு 2.7 யூனிட், இரண்டு மாத மின்கணக்கில் 162 யூனிட் மிச்சம். அதன்பின் மூன்று கிலோவாட் சூரியத் தகடுகள் வைத்தோம். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி இடம் தேவை. நல்ல வெயில் நாளில் ஒரு கிலோவாட் நான்கு யூனிட் தரும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. தகடுகளை மாமனார் மாமியார் அறைக்கு நேர் மேலே, ஆள் நடந்துபோகும் உயரத்தில், தெற்கே சிறிது சாய்த்து நிறுத்தினோம். மின்சாரம் தருவதோடு அந்த அறையின் தளத்துக்கு நாள் முழுவதும் அவை நிழலும் தருகின்றன. வீடு ஏற்கெனவே குறைவாகக் கேட்பதால் மூன்று கிலோவாட்டே எங்களுக்குத் தாராளமாகப் போதுகிறது. வெயிலில் கொதிக்கும் வீட்டைக் கட்டிவிட்டு, அதைக் குளிர்விக்க ஐந்து ஏசியும், அவற்றுக்கு மின்சாரம் தர மாடி முழுவதும் தகடுகளும் வைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாகவே இருக்கிறது; அந்தப் பணத்தில் ஒரு பகுதி கூரைக்கும் மேற்குச் சுவருக்கும் போயிருந்தால் அந்தக் குடும்பம் நிம்மதியாக உறங்கியிருக்கும். 2018-இல் மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் குடியிருப்புகளுக்காகக் கொண்டுவந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா விதித்தொகுப்பின் முதல் பகுதியும் சுவர், கூரை, ஜன்னல் ஆகிய புற உறையைப் பற்றியே பேசுகிறது.

ஏசியே இல்லாத வீடு என்று நான் சொல்ல மாட்டேன். பெரியவர்கள் அறையில் ஒன்று இருக்கிறது. அக்கினி நட்சத்திர நாட்களில் இரவு இரண்டு மூன்று மணி நேரம் அதைப் போடுகிறோம். எழுபத்தெட்டு வயதில், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவரிடம் கொள்கை பேசிக்கொண்டிருக்க எனக்கு மனம் வராது. ஆனால் நிறுத்திய பிறகும் அறை விடியும் வரை குளிர்ச்சியாக இருக்கிறது. மற்ற அறைகளில் சித்திரையிலும் விசிறியோடு உறங்க முடிகிறது. பிள்ளைகள் தரையை ஈரப்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தட்டோடு, தொட்டி, கல்வாழைப் படுகை இவற்றுக்குக் கூடுதலாகச் செலவானது. செங்கல், சிமெண்ட், பூச்சு, பெயின்ட் இவற்றில் குறைந்தது. மண் கல் சுவர்களின் வெளிப்பக்கத்தைப் பூசாமலே விட்டோம். உள்ளே படுக்கையறைகளுக்கு மட்டும் சுண்ணாம்புப் பூச்சு. புதுப் பெயின்டின் நெடியால் மூச்சிரைப்பு வரும் என் மகனுக்கு இந்த அறைகளில் முதல் நாளிலிருந்தே தொல்லை இல்லை. மொத்தத்தில் அதே அளவு சாதாரண வீட்டுக்கு ஆகும் தொகையை ஒட்டித்தான் எங்களுக்கும் ஆயிற்று. கூடுதலாகச் செலவானது காலம்தான். நான்கு மாதம் அதிகமாக வாடகை கொடுத்தோம்.

ஒரு தவறு இன்னும் திருத்தப்படாமல் இருக்கிறது. மேல்தளத்தில் பிள்ளைகள் படிக்கும் அறைக்கு, ஆடிக் காற்றும் மாலை வானமும் வேண்டும் என்ற ஆசையில், மேற்கே ஐந்தடி அகல ஜன்னல் ஒன்றை வைக்கச் சொன்னவள் நான். படம் வரைந்தவர் வேண்டாம் என்றார், கேட்கவில்லை. பங்குனி தொடங்கியதும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளால் ஐந்து மணிக்கு அந்த அறையில் உட்கார முடியவில்லை. உள்ளே திரை போட்டால் வெளிச்சம்தான் குறைகிறது. கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட சூடு உள்ளேயே தங்கிவிடுகிறது. இப்போது ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்குகிறது. அதற்கு நேர் கீழே இரண்டு புங்கங்கன்றுகள் நட்டிருக்கிறோம். மாசி கடைசியில் இலையுதிர்த்து, வெயில் ஏறுவதற்குச் சரியாகப் பங்குனியில் புதுத்தளிர் விட்டு அடர்ந்துவிடும் மரம் அது. ஆடுமாடு வாய் வைக்காமல் இருக்கக் கூண்டு கட்டி, கல்வாழைப் படுகையின் நீரை அவற்றுக்கும் ஒரு கிளை பிரித்து விட்டிருக்கிறோம். ஒரு கன்று கீழ்த்தளத்துச் சன்ஷேட்டை எட்டிவிட்டது. மற்றொன்று இன்னும் இரண்டடி வளர வேண்டும்.